தட்டினால் பேசும் பெட்டி

தங்கை வீட்டிலிருந்து அவள் திரும்பி வந்தது ஒரு மழை மத்தியானம். பூட்டைத் திறக்கவே கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. ஆள் புழங்காத வீட்டின் பூட்டுக்கு அப்படியொரு வீம்பு வந்துவிடுகிறது. கதவு திறந்ததும் பூட்டிக் கிடந்த வீட்டின் வாசனை முகத்தில் வந்து மோதியது. ஈரச் சுவர், மடித்து வைத்த பழைய துணி, அதற்கெல்லாம் அடியில் மிக லேசாகக் கிரீஸ்.

கிரீஸ் வாசனையில் அதிசயம் ஒன்றும் இல்லை. அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். காலமெல்லாம் கிரீஸ் கையோடு வீட்டுக்கு வந்த மனுஷன். எத்தனை சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் விரல் மடிப்பில் அந்தக் கறுப்பு மட்டும் போகாது. ஆளே போய்விட்டார், வாசனை போகக் காணோம் என்று நினைத்துக்கொண்டு படுக்கையறையைத் தவிர மற்ற ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டாள்.

அக்கம்பக்கத்தில் அவளை டைப் அக்கா என்பார்கள். ஓர் ஆராய்ச்சி நிலையம் ஆட்களைப் பேட்டி எடுத்து அந்த ஒலிப்பதிவை அவளுக்கு அனுப்பும். அதைக் கேட்டு ஒரு வார்த்தை விடாமல் டைப் அடித்துக் கொடுப்பது அவள் வேலை. இரண்டு மைக் வைத்துப் பதிவு செய்வார்கள். கேள்வி கேட்பவர் குரல் இடது ஸ்பீக்கரில் வரும், பதில் சொல்பவர் குரல் வலது ஸ்பீக்கரில் வரும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசித் தொலைத்தாலும் யார் சொன்னது எது என்று பிரித்து எழுத அதுதான் வசதி. மற்றவர்கள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு செய்வார்கள். இவளுக்குக் காதில் அடிக்கடி சீழ் பிடித்து, இனி காதில் எதையும் மாட்டக்கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஆகவே மேஜை மேல் இருந்த அந்த ஒரு ஜோடி ஸ்பீக்கர்தான் அவளுக்குச் சோறு போட்டது.

அந்த ஜோடியில் வலதுபக்கத்துப் பெட்டிக்குக் கோளாறு. நன்றாகப் பேசிக்கொண்டே இருக்கும், திடீரென்று வாயை மூடிக்கொள்ளும்.

"மாத்திடலாங்க. புதுசா ஒரு செட்டு வாங்கிட்டு வாங்க," என்பாள்.

"நல்ல பெட்டிம்மா. உள்ள ஏதோ ஒயர் லூசா இருக்கு, அவ்ளோதான். ஞாயித்துக்கிழமை பிரிச்சு ரிப்பேர் பண்ணித் தரேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை வருஷக்கணக்காக வரவில்லை. ஒரே ஒருமுறை பிரித்தார். ஈயத்தை உருக்கி ஒரு பொட்டு வைத்தார், மூடினார், ஜம்பமாக ஒரு டீ கேட்டு வாங்கிக் குடித்தார். மறுநாளே பெட்டி பழையபடி ஊமையாயிற்று. அந்தக் கடுப்பில்தான் இந்த வைத்தியத்தைக் கண்டுபிடித்தார். ஆள்காட்டி விரலை மடக்கி, பெட்டியின் தலையில், கொஞ்சம் பின்பக்கமாக, டொக் டொக் என்று இரண்டு தட்டு. பெட்டி பேசியது.

அதோடு ரிப்பேரும் இல்லை, புதுசும் இல்லை. பெட்டி ஊமையாகும், அவள் 'என்னங்க' என்று ஒரு குரல் கொடுப்பாள், அவர் எங்கிருந்தாலும் எழுந்து வந்து தட்டுவார். அவள் தட்டினால் அது சட்டையே பண்ணாது. அதே விரல், அதே இடம் என்று எல்லா விதத்திலும் தட்டிப் பார்த்துவிட்டாள். "உன் கைக்கு அது பயப்படல," என்று அவர் பீற்றிக்கொள்வார். பெரிய கட்டடத்து லிஃப்டைச் சரிசெய்துவிட்டு வந்த நாளில்கூட அவர் முகத்தில் அத்தனை பெருமையை அவள் பார்த்ததில்லை.

பிறகு அவருக்கு நுரையீரல் கெட்டது. வேலை போயிற்று, மாடிப்படி போயிற்று, கடைசியில் வாசல்வரை நடப்பதும் போயிற்று. கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் வந்து உட்கார்ந்தது. அதிலிருந்து மூக்குவரை ஒரு நீளமான பிளாஸ்டிக் குழாய். அந்தக் குழாய் எட்டுகிற தூரம்தான் அவருடைய ஊர் என்று ஆயிற்று. பின்னறையில் இருந்த அவள் மேஜைவரை அது எட்டியது. பெட்டி ஊமையானால் அப்போதும் அவர்தான் வந்தார். குழாய் தரையில் சரசரவென்று இழுபட, அறை நிலையைப் பிடித்து நின்று ஒரு பாடு மூச்சு வாங்கி, பிறகு வந்து, டொக் டொக். நீங்க வராதீங்க, நான் பாத்துக்கறேன் என்று சொன்னால் கேட்டால்தானே.

"எனக்குன்னு மிச்சம் இருக்கற வேலை இது ஒண்ணுதாம்மா. அதையும் பிடுங்காத."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். உண்மையிலேயே ஆசையாகச் சொன்னாரா, அவள் மனசு நோகக் கூடாது என்று சொன்னாரா என்பது அவளுக்குக் கடைசிவரை புரியவில்லை. கேட்டிருக்கலாம். இருக்கிற மனுஷனிடம் இதையெல்லாம் யார் கேட்கிறார்கள்.

வேலை மலையாகக் குவிந்து கிடந்தது. பையில் இருந்த துணிமணியைக்கூட எடுத்து வைக்காமல் கம்ப்யூட்டரைப் போட்டாள். வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மத்தியானத்தில் அந்தக் கட்டடத்தில் ஆள் அரவமே இருக்காது. எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போயிருப்பார்கள். குழாய்களில் தண்ணீர் இறங்குகிற சத்தமும் மழைச் சத்தமும்தான். அனுப்பியிருந்த பேட்டிகள் எல்லாம் தனியாக வாழ்கிறவர்களோடு எடுத்தவை. யார் இவளுக்கென்று பொறுக்கி அனுப்பினார்களோ.

"நீங்க ரொம்ப வருஷமா தனியாத்தான் இருக்கீங்களா?" என்று கேட்டது இடது பெட்டி.

வலது பெட்டி வாயைத் திறக்கவில்லை.

"சாயங்காலமானா பயமா இருக்காதா?"

பதில் இல்லை.

அவள் வாயில் அது தானாக வந்துவிட்டது. "என்னங்க."

சொன்ன பிறகுதான் உறைத்தது. விரல்கள் கீபோர்டின் மேல் அப்படியே நின்றன.  அந்தச் சொல்லை இனி யாரைப் பார்த்து அவள் சொல்ல முடியும்?

படுக்கையறையில் கட்டில் முனகியது.

மரக்கட்டில். மழை நாளில் மரம் ஊதும், முனகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பிறகு சரசரவென்று ஒரு சத்தம்.

மெஷினையும் குழாயையும் வாடகைக்கு விட்டவர்கள் காரியம் முடிந்த கையோடு வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவள்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். இந்த வீட்டில் தரையில் இழுபடுவதற்கு ஒன்றும் இல்லை.

சத்தம் கூடத்தைக் கடந்தது.

நின்றது.

மறுபடி வந்தது. அவள் முதுகுக்குப் பின்னால், அறை நிலையருகே, யாரோ மூச்சு வாங்கினார்கள்.

அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. கழுத்து அவள் பேச்சைக் கேட்கவில்லை. கிரீஸ் வாசனை தோளை உரசிக்கொண்டு மேஜைப் பக்கம் போயிற்று.

டொக் டொக்.

"முதல்ல பயமாத்தான் இருந்துச்சுங்க," என்றது வலது பெட்டி, யாரோ ஒரு கிழவரின் குரலில். "அப்புறம் அதுவும் துணையாயிடுச்சு."

வெகுநேரம் கழித்துத்தான் அவள் எழுந்தாள். அறையில் யாரும் இல்லை. கூடத்திலும் இல்லை. பெட்டியின் தலையில், கொஞ்சம் பின்பக்கமாக, கறுப்பாக ஒரு சின்னக் கறை இருந்தது. தொட்டாள். பிசுபிசுத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். பயந்தது என்னவோ நிஜம். ஆனால் அந்த அழுகையில் பயத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகம் இருந்தது என்று அவளுக்கே தெரிந்தது.

அன்றிலிருந்து பெட்டி எப்போது கெடும் என்று காத்திருப்பதே அவளுக்குப் பிழைப்பாயிற்று. அதுவோ, வேண்டும்போது கெடாது. நாள் முழுக்க நல்ல பிள்ளையாகப் பேசிக்கொண்டிருக்கும். பொறுமை இல்லாமல் அவளே அதைக் கெடுக்கக் கற்றுக்கொண்டாள். வலது பெட்டியிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் இடது பெட்டியின் முதுகுக்குப் போகும். அதன் நுனியில் இருக்கிற பின்னை லேசாக வெளியே இழுத்தால் போதும், வலது பெட்டி செத்துவிடும்.

இழுப்பாள். "என்னங்க," என்பாள்.

கட்டில் முனகும்.

பின் வெளியே இருக்கும்போது எத்தனை தட்டினாலும் பெட்டி எப்படிப் பேசும்? அதனால் இரண்டாவது தட்டு விழுந்த மறுகணம் சத்தமில்லாமல் பின்னை உள்ளே செருகிவிடுவாள். அவர் தோற்றுப்போகக் கூடாது. தன் கைக்கு அது இன்னும் பயப்படுகிறது என்றே அவர் நினைத்துக்கொண்டிருக்கட்டும். ஒரே ஒருநாள் ஆசை தாங்காமல் திரும்பிப் பார்த்தாள். சத்தமும் வாசனையும் அந்த நொடியே இல்லாமல் போயின, அன்று தட்டு விழவில்லை. பிறகு அவள் திரும்பவே இல்லை. கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள். புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொள்வாள். சாப்பாடு இரண்டாம்பட்சம் ஆயிற்று, வேலை தேங்கியது, யாராவது அழைப்பு மணி அடித்தால் எரிச்சல் வந்தது.

அவர் வருகிற விதம் மாறிக்கொண்டு வந்ததை அவள் கவனிக்காமல் இல்லை. கவனிக்காத மாதிரி இருந்தாள்.

கூடத்தில் நிற்கிற நேரம் நீண்டது. மூச்சில் அந்த விசில் சத்தம் சேர்ந்துகொண்டது. கடைசி நாட்களில் அவர் நெஞ்சுக்குள் கேட்ட அதே விசில். ஒருநாள் நிலையைப் பிடித்த நகங்கள் மரத்தில் வழுக்குவது அவள் காதில் விழுந்தது. பதறிப்போய்ப் பின்னைச் செருகிவிட்டாள்.

"பேசிடுச்சுங்க. போதும், போய்ப் படுங்க," என்றாள் கண்ணைத் திறக்காமல்.

மூச்சு அங்கேயே நின்றது. பிறகு குழாய் இழுபட்டது. மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக, மேஜைவரை வந்து, பேசிக்கொண்டிருந்த பெட்டியைத் தட்டிவிட்டுத்தான் போயிற்று.

அவள் மறுநாளும் பின்னை இழுத்தாள்.

தங்கை வந்தது அதற்கப்புறம். அவளுக்குக் குடும்பத்தில் மேனேஜர் என்று பெயர். யார் வீட்டுக்குப் போனாலும் நிர்வாகத்தைக் கையில் எடுத்துக்கொள்வாள். நனைந்த குடையை மூலையில் சாத்திவிட்டு, பளபளவென்று ஒரு அட்டைப்பெட்டியை மேஜை மேல் வைத்தாள்.

"இந்தா, புது ஸ்பீக்கர். இனிமே அந்தப் பழசைக் கட்டிக்கிட்டு அழாத."

"உன்னை யாரு வாங்கச் சொன்னது?"

"யாரு சொல்லணும்? போன் பண்ணா வேலை முடியல, ஸ்பீக்கர் சரியில்லைங்கற. கண்ணாடியில மூஞ்சியப் பாத்தியா? சொட்டு ரத்தமில்ல. சாப்பிடறியா இல்லையாக்கா நீ?"

"நான் அப்புறமா மாட்டிக்கறேன். வை."

"அப்புறமெல்லாம் ஆவாது. உன்னையும் தெரியும், மாமாவையும் தெரியும். ரெண்டு பேருமா ஒரு பெட்டியை வச்சுக்கிட்டு வருஷக்கணக்கா ரிப்பேரா மாத்தறதான்னு பட்டிமன்றம் நடத்தினீங்களே." பேச்சோடு பேச்சாக மேஜைக்குப் பின்னால் குனிந்தாள்.

"அதை எடுக்காத."

சொல்வதற்குள் பின் வெளியே வந்துவிட்டது. ஓடிக்கொண்டிருந்த பேட்டியில் ஒரு குரல் பாதி வார்த்தையில் அறுந்தது.

இந்த முறை அவள் கூப்பிடவில்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

கட்டில் முனகியது.

தங்கை ஒயரும் கையுமாக நிமிர்ந்தாள். "அக்கா, உள்ள யாரு?"

"யாருமில்ல. திரும்பாத."

"என்னமோ இழுபடுதுக்கா."

"திரும்பாதடி."

தங்கையின் கை தேடி வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. சில்லிட்டிருந்தது. கூடத்தில் சத்தம் நின்றது. நிற்கிற நேரம் போய்க்கொண்டே இருந்தது. மழை ஜன்னல் கண்ணாடியில் வழிந்தது. பிறகு நிலையருகே அந்த மூச்சு. உள்ளே இழுக்க ஒரு பாடு, வெளியே விட ஒரு பாடு. நடுவில் விசில். கடைசி ராத்திரி கட்டிலின் இந்தப் பக்கம் அக்காவும் அந்தப் பக்கம் தங்கையுமாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். அந்த மூச்சு யாருடையது என்று தங்கைக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

டொக்.

இரண்டாவது தட்டு வரவில்லை.

"மாமா," என்றாள் தங்கை, உதடு மட்டும் அசைய.

டொக்.

அக்கா அவள் கையிலிருந்த பின்னைப் பிடுங்கிச் செருகினாள். அறுந்த வார்த்தைக்குப் பின்னால் வேறொரு வார்த்தை தொடர்ந்தது. கிரீஸ் வாசனை கொஞ்ச நேரம் இருந்து கலைந்தது.

இருவரும் வெளியே மாடிப்படியில் போய் உட்கார்ந்தார்கள். தங்கைதான் முதலில் பேசினாள். நிர்வாகம் செய்கிற குரல் இல்லை அது.

"அவருக்கு மூச்சே விட முடியலக்கா. உனக்குக் கேக்கலையா?"

"கேக்குது."

"கேட்டுட்டுமா கூப்பிடற?"

அவளுக்குச் செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. செத்தும் அந்த மனுஷனை நிம்மதியாகப் படுக்க விடாமல், ஒரு தட்டுக்காகத் தினமும் எழுப்பி நடக்க வைக்கிறோமே என்று இத்தனை நாள் ஓரமாக ஒதுக்கி வைத்த எண்ணம் நேராக வந்து நின்றது. அழுதாள். தங்கையும் அழுதாள்.

"புதுசை மாட்டிட்டு அதைத் தூக்கிக் குப்பையில போட்டுடு," என்றாள் தங்கை மூக்கைத் துடைத்தபடி.

"போட்டா? அங்கேயும் அது கெட்ட பெட்டியாத்தானே கிடக்கும். நான் கூப்பிடாமயே வந்தாரு, பாத்தல்ல. குப்பைமேடு வரைக்கும் நடப்பாரு."

"அப்ப பரண்ல போடு."

"பரண் மேல ஏறச் சொல்றியா அவரை?"

"உடைச்சிட்டா?"

"உடைஞ்சதை மட்டும் சும்மா விடுவாரா?"

எதற்கும் ஒரு வழி கையில் வைத்திருக்கிற தங்கைக்கு அப்போது ஒரு வழியும் அகப்படவில்லை. அக்கா எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மாத்தினா அவரு தேடுவாரு. ரிப்பேர்தான் பண்ணணும். மறுபடி கெடவே கெடாத மாதிரி. புதுசை நீயே எடுத்துட்டுப் போ."

ரிப்பேர் கடைக்காரர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எல்லாரிடமும் சொல்வதை அவளிடமும் சொன்னார். "இதுக்கு மெனக்கெடறதுக்குப் புதுசே வாங்கிடலாமே."

"ரிப்பேர்தான் வேணும்."

அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு திருப்புளியை எடுத்தார். மூடி வந்தது. உள்ளே, ஒயர் வந்து சேர்கிற இடத்தில், அவள் புருஷன் வைத்த ஈயப் பொட்டு கோணல்மாணலாக, தடியாக இருந்தது. அவர் கையெழுத்தும் அப்படித்தான் இருக்கும். அதன் குறுக்கே மயிரிழை போல ஒரு விரிசல்.

"யாருங்க இதைத் தட்டிட்டே இருந்தது?"

"எங்க வீட்டுக்காரர்."

"தட்டித் தட்டியே கெடுத்து வச்சிருக்காரு. தட்டும்போது விரிசல் ஒட்டிக்கும், பேசும். ஆனா அந்த அதிர்வுலயே இன்னும் கொஞ்சம் விட்டுப்போகும். அடுத்த தடவை சீக்கிரமா புடுங்கிக்கும். சரிபண்றேன் சரிபண்றேன்னு அவருக்கு அவரே வேலை வச்சுக்கிட்டிருக்காரு, பாவம்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் இருந்திருந்தால் எவ்வளவு கேலி பண்ணியிருக்கலாம் என்று தோன்றியதும் சிரிப்பு பாதியில் நின்றது. கடைக்காரர் பழைய ஈயத்தை உருக்கி எடுத்தார். புதிதாக, சின்னதாக, பளிச்சென்று வைத்தார். ஒயரை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. மூடியைப் போட்டு, "தலையில என்ன, கிரீஸ் புதுசா இருக்கே?" என்று துணியில் ஏதோ எண்ணெயைத் தொட்டுத் துடைக்கப் போனார்.

வேணாம் என்று சொல்ல வாய் எடுத்தாள். சொல்லவில்லை. அவர் துடைத்து முடிக்கும்வரை தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே தட்டவே வேணாம்னு சொல்லுங்க அவர்கிட்ட."

"சொல்றேன்," என்றாள்.

வீட்டுக்கு வந்து மாட்டினாள். இடது பெட்டி கேட்டது, வலது பெட்டி பதில் சொன்னது, தெளிவாக, நிறுத்தாமல். அவள் எழுந்து கூடத்துக்கு வந்து, மூடியிருந்த படுக்கையறைக் கதவின் முன்னால் நின்றாள்.

"சரியாயிடுச்சுங்க. நல்லாப் பேசுது. இனிமே நீங்க எழுந்து வர வேணாம். மூச்சு வாங்கிட்டு நடக்க வேணாம். நிம்மதியாப் படுத்துக்கோங்க."

உள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை.

அதன் பிறகு பெட்டி ஒருநாளும் கெடவில்லை. கை மட்டும் துறுதுறுத்தது. தன்னையே நம்பாமல், பின்னை அழுத்திச் செருகி அதன் மேல் கறுப்பு டேப்பை இறுக்கிச் சுற்றிவிட்டாள். கிரீஸ் வாசனை கொஞ்சம் கொஞ்சமாக வீட்டைவிட்டுப் போயிற்று. சுவரும் துணியும் மட்டும் மிஞ்சின. அவர் போன அன்றைக்கு வீடு கொள்ளாமல் சனம் இருந்தது, சேர்ந்து அழ ஆள் இருந்தது. இந்த முறை அவர் போனதற்கு அவள் ஒருத்திதான் அழுதாள், சமையலறையில், அடுப்பை அணைத்துவிட்டு.

தங்கை போன் பண்ணினாள். "ஏதாவது கேக்குதாக்கா?"

"இல்ல."

"நல்லதுக்கா. பாவம், தூங்கட்டும்."

நல்லதுதான் என்று அவளும் சொன்னாள். வேலை மறுபடி ஓட ஆரம்பித்தது. தேங்கிய பேட்டிகளை எல்லாம் முடித்து அனுப்பினாள். கூடத்தில் பாய் போட்டுப் படுத்தாள். அவர் படுத்த அறையின் கதவை அவள் திறக்கவில்லை, அங்கே அவளுக்கு எடுக்க வேண்டிய பொருள் எதுவும் இருக்கவில்லை.

அப்புறம் மழை விட்டிருந்த ஒரு மத்தியானம். மேகம் மட்டும் தாழ்ந்து நின்றது. அறையில் விளக்குப் போட்டுக்கொண்டு டைப் அடித்துக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு வயதான அம்மாளின் பேட்டி. வாயாடி அம்மாள், கேள்வியை முடிக்க விடாமல் பதில் சொல்லிக்கொண்டு வந்தவள்.

"வீட்டுக்காரர் போனதுக்கு அப்புறம் எப்படி இருந்துச்சும்மா?" என்றது இடது பெட்டி.

வலது பெட்டியில் பதில் இல்லை.

யோசிக்கிறாளாக்கும் என்று விரலை நிறுத்திக் காத்திருந்தாள்.

"சரி, அதை விடுங்க. அவருக்கு உங்ககிட்ட என்ன பிடிக்கும்?"

பதில் இல்லை.

எட்டிப் பார்த்தாள்.

பின் வெளியே கிடந்தது.

வழுக்கி விழுந்த மாதிரி இல்லை. மேஜை மேல், இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில், நேராக வைக்கப்பட்டிருந்தது. அவள் இறுக்கிச் சுற்றிய டேப்பைக் கிழிக்காமல் பிரித்து எடுத்து, மேஜை விளிம்பில் ஒட்டி வைத்திருந்தது. மறுபடி உதவும் என்று மெக்கானிக்குகள் ஒட்டி வைப்பார்களே, அப்படி. டேப்பின் ஓரத்தில் கறுப்பாக ஒரு விரல் ரேகை.

அவள் செருகவில்லை. காத்திருந்தாள்.

கட்டில் முனகவில்லை.

தரையில் எதுவும் இழுபடவில்லை. குழாய்களில் தண்ணீர்கூட நின்றுவிட்டது. நெடுநேரம் அப்படியே உட்கார்ந்து, வராத காலடிக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தவளுக்கு, மெல்ல மெல்ல விளங்கியது. இத்தனை நாளும் பின்னை இழுத்தது அவள். நடந்து வந்தது அவர். பின்னை இழுப்பவர்தானே கூப்பிடுகிறவர்?

அவரைப் பாடாய்ப் படுத்துகிறோம் என்று நினைத்துவிட்டாள். மூச்சு வாங்கினாலும் விசில் அடித்தாலும், அந்த இருட்டறையில் அவர் அந்த ஒரு குரலுக்காகத்தான் காத்துக் கிடந்திருக்கிறார். மிச்சம் இருந்த அந்த ஒரு வேலையையும் அவள் பிடுங்கிவிட்டாள். கதவுக்கு முன்னால் போய் நின்று, இனிமேல் வர வேண்டாம் என்று அவள்தான் சொன்னாள்.

"வர்றேங்க," என்றாள்.

எழுந்தாள். கூடம் இத்தனை நீளம் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. பாதியில் நிற்க வேண்டியிருந்தது. படுக்கையறை நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். கதவு, அவள் தொட்டதும் திறந்தது.

உள்ளே யாரும் இல்லை. ஜன்னல் சாத்தி இருட்டாக இருந்தது. விரிப்பில்லாத மெத்தை கட்டில் மேல் கிடந்தது. மெஷின் இருந்த இடத்தில் தரை மட்டும் கொஞ்சம் வெளுப்பாகத் தெரிந்தது. மெத்தையின் நடுவில், மாதக்கணக்காக அவர் படுத்து அமுங்கிய பள்ளம் அப்படியே இருந்தது.

அவள் விளிம்பில் உட்கார்ந்தாள். பயம் இருந்தது. அதை மறைத்து யாருக்கு என்ன ஆகப்போகிறது? கைகளை மடியில் கோத்து வைத்துக்கொண்டாள்.

"என்னங்க."

கட்டில் முனகியது.

அவள் கண் முன்னால் மெத்தையின் பள்ளம் மெல்ல மேலெழுந்து சமமாயிற்று. அந்தப் பக்கம், சுவரை ஒட்டி, மெத்தை ஆள் பாரத்துக்கு அமுங்கியது. அவளுக்கு இடம் விட்டு யாரோ நகர்ந்து படுத்தார்கள்.